கலரி என்னும் அவை

ஒரு நூல் உலகுக்கு வருமுன் அவையேற வேண்டும் என்பது தமிழில் பழைய மரபு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையிலே, அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் கூறும். அது கற்றோர் அவை. சினிமாவுக்கு வாய்த்த அவையோ வேறு. சீட்டு வாங்கிய எவரும் அதில் உறுப்பினர். கலரியில் இருந்தாலும் பல்கனியில் இருந்தாலும், படம் முடிந்து வாசலுக்கு வரும்போதே தீர்ப்புச் சொல்லிவிடுவர். அந்தத் தீர்ப்புகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனையே இன்று சிறிது நோக்குவோம்.

முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அதே தசாப்தத்தில் ஆனந்த விகடனில் கல்கி சினிமா விமர்சனம் எழுதலானார். நகைச்சுவை மிகுந்திருந்தாலும் அது கற்றவர் ஒருவரின் குரலே. 1960களில் அவ்விதழ் வேறொரு வழியை நாடியது. முனுசாமி, மாணிக்கம் என்ற இருவர் படம் பார்த்துவிட்டுப் பேசிக்கொள்வதாக விமர்சனம் அமைந்தது. சேகர், சந்தர் என்றும் இருவர் வந்தனர். ஒருவர் புகழ்வார்; மற்றவர் குறுக்கிடுவார். வாசலில் நடந்த உரையாடல் இவ்வாறு அச்சேறியது. சாதாரண இரசிகனுக்கும் அபிப்பிராயம் உண்டு, அதற்கு அவன் காரணமும் சொல்வான் என்பதைத் தமிழ் இதழியல் ஒப்புக்கொண்ட தருணம் அது எனலாம்.

பின்னர் மதிப்பெண் வந்தது. 1977இல் வெளியான பாரதிராஜாவின் '16 வயதினிலே' படத்துக்கு விகடன் நூற்றுக்கு 62½ வழங்கியது. அந்த எண்ணை இன்றும் பலர் சரியாகச் சொல்வர். எந்தக் காரணங்களுக்காக அது கிடைத்தது என்று கேட்டால் பதில் வராது. எண் நின்றது, நியாயம் மறந்து போயிற்று.

நம் நாட்டு நிலைமை சற்று வேறானது. 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வருகை கட்டுப்படுத்தப்பட்டது. 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்குப் படங்களின் இறக்குமதியும் போயிற்று. எழுதப்பட்ட விமர்சனம் அரிதான அக்காலத்தில், படம் பார்த்தவரின் வாய்ச்சொல்லுக்கும் இலங்கை வானொலிக்கும் வலிமை கூடியது.

அந்த வலிமையை இரண்டு உள்நாட்டுப் படங்களின் கதையில் காணலாம். 1976இல் வந்த 'கோமாளிகள்', எஸ். ராம்தாஸின் புகழ்பெற்ற வானொலி நாடகத்திலிருந்து பிறந்தது. அவர் ஏற்ற மரிக்கார் பாத்திரத்தை நேயர்கள் முன்னரே காதால் கேட்டு இரசித்திருந்தனர். பழகிய குரலுக்கு முகம் தேடிப் படமாளிகைக்குச் சென்றனர். படம் நன்றாகவே ஓடியது. அடுத்த ஆண்டு, 1977இல், சிங்களச் சினிமாவின் முக்கிய நெறியாளர்களுள் ஒருவரான தர்மசேன பத்திராஜ தமிழில் 'பொன்மணி'யை உருவாக்கினார். யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் அடங்கிய தொனியில் பேசிய படம் அது. மக்கள் ஆதரவு கிட்டவில்லை. இன்றோ, இலங்கைத் தமிழ்ச் சினிமாவைப் பற்றி எவர் எழுதினாலும் அதனைக் குறிப்பிடாமல் விடுவதில்லை.

இதனால் சாதாரண இரசிகன் அறியாதவன் என்று முடிவு கட்டுவது தவறு. தென்னிந்தியப் படத்தையே பார்த்துப் பழகிய கண், அதே அளவுகோலைத்தான் எடுத்தது. வேறு அளவுகோலும் உண்டு என்று அவனோடு அமர்ந்து பேசுவதற்கு அன்று எத்தனை பேர் இருந்தனர்? 'பொன்மணி'யைப் பார்த்த ஒரு முனுசாமியும் மாணிக்கமும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எங்கும் பதியப்படவில்லை. அந்த இழப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது. படச்சுருள் அழிந்தால் வருந்துகிறோம். அதைப் பார்த்தவர்களின் சொல் அழிவதை எவரும் கணக்கிலெடுப்பதில்லை.

மடவளையில் என் சிறுவயதில், டெக் வாடகைக்கு எடுத்து ஒரு வீட்டில் அயலவரெல்லாம் கூடிப் படம் பார்ப்பதுண்டு. மறுநாள் தேநீர்க்கடையிலும் வத்துகாமம் பஸ்ஸிலும் அதே பேச்சுத்தான். தாய் அழுத காட்சி நீளம் என்பார் ஒருவர். தன் தாய் அப்படித்தான் அழுதாள் என்பார் மற்றவர். அழகியல் என்ற சொல்லை அவர்கள் அறியார். ஆயினும் கலையை வாழ்க்கையோடு ஒப்பிட்டு அளந்தார்கள்.

இன்று என் மாணவரிடம் அண்மையில் பார்த்த படத்தைப் பற்றிக் கேட்டால், "ஐந்துக்கு நாலு, சேர்" என்று சொல்லி அமர்ந்துவிடுகின்றனர். மீதி ஒன்று எங்கே போயிற்று என்று கேட்பேன். முதலில் சிரிப்பர். பிறகு ஒருவன் முடிவு பொருந்தவில்லை என்பான். ஒருத்தி எழுந்து மறுப்பாள். அதன்பின் அன்றைய பாடம் தானாக நடக்கும். செய்யுள் நயம் எழுதக் கற்பிப்பதற்கு இதைவிட நல்ல வாயில் எனக்குத் தெரியாது.

ஆகவே வீட்டிலே பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு எண் சொன்னால், காரணத்தையும் கேளுங்கள். முடிந்தால் அதை ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். நம் சினிமாவின் வரலாற்றை நாளை எழுத வருபவருக்கு அந்தக் கொப்பிகள் தேவைப்படும்.