மஞ்சள் ஜெர்சியும் டென்மார்க்கின் ஞாபகமும்

ஒரு தேசத்து ஜனங்கள் தாங்கள் தெருத்தெருவாகக் கொண்டாடிய வெற்றி முறைகேட்டினால் கிடைத்தது என்று பிற்காலத்தில் அறிய நேர்ந்தால், அந்தக் கொண்டாட்டத்தின் நினைவை என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு, விளையாட்டுச் சரித்திரத்தில் டென்மார்க்கைப் போலத் தெளிவான சாட்சியம் அளிக்கும் நாடு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1996-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் பியார்னே ரீஸ் என்ற டேனிஷ் வீரர் 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயத்தில் முதலிடம் பெற்றதும், 2007-ஆம் வருஷம் மே மாதத்தில் அவரே தாம் ஊக்கமருந்தின் துணையால் அந்த வெற்றியை அடைந்ததாக ஒப்புக்கொண்டதும், அதன் பின்னரும் அந்தக் கோடைகாலம் ரசிகர்களின் நெஞ்சில் வாஞ்சையுடன் தங்கிவிட்டதும் இந்தக் கட்டுரையின் விஷயமாகும். ஜனங்கள் உண்மையை மறுத்து நினைவைக் காப்பாற்றிக் கொண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் சமாதானம். எனக்கு அது சரியென்று படவில்லை; உண்மை ஒரே நாளில் இடிபோல் விழாமல் பதினோரு ஆண்டுக் காலம் சிறிது சிறிதாகக் கசிந்து வந்தபடியால், ரசிகர்கள் அதை நினைவுக்குள்ளேயே ஏற்று, வெற்றியையும் குற்றத்தையும் ஒரே கதையாகச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

மூன்று வார காலம், சமவெளிகளிலும் ஆல்ப்ஸ், பிரெனீஸ் மலைகளிலும் ஏறி இறங்கி, எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டிப் பார்க்கையில் எவருக்கு மிகக் குறைந்த நேரம் வருகிறதோ அவரே இந்தப் பந்தயத்தில் ஜயசாலி. அன்றன்று முன்னணியில் நிற்பவர் மறுநாள் மஞ்சள் ஜெர்சி அணிந்து வருவார். ஹெர்னிங் என்ற ஊரில் 1964-ஆம் வருஷம் பிறந்த ரீஸ், இளமையில் பெரிய வீரராக எண்ணப்பட்டவர் அல்லர். லோரான் ஃபின்யோன் போன்ற தலைவர்களுக்காகக் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே செல்லும் துணைவராகவே பல ஆண்டுகள் உழைத்தவர், 1993-இல் ஐந்தாமிடத்துக்கும் 1995-இல் மூன்றாமிடத்துக்கும் உயர்ந்தார். முப்பத்திரண்டாம் வயதில், ஜெர்மனியின் டெலிகாம் அணியின் தலைவராக வந்து நின்றபோது, 1991 முதல் 1995 வரை தொடர்ச்சியாக ஐந்து முறை வென்றிருந்த ஸ்பானிய வீரர் மிகெல் இந்துராயின் ஆறாவது வெற்றியை நாடி எதிரே நின்றார்.

அந்த ஆண்டு பனியும் சூறைக்காற்றும் ஆல்ப்ஸ் கணவாய்களை மூடிவிட்டபடியால், செஸ்ட்ரியருக்குச் செல்லும் ஒன்பதாம் நாள் ஓட்டம் 46 கிலோமீட்டராகச் சுருக்கப்பட்டது. அதில் வென்று ரீஸ் மஞ்சள் ஜெர்சியை அணிந்தார். ஆனால் டேனிஷ் ஜனங்கள் மறவாத நாள் ஜூலை 16. பிரெனீஸ் மலையில் ஓத்தகாம் என்ற சிகரத்தை நோக்கி ஏறுகையில், முன்னணியில் இருந்த ரீஸ் வேண்டுமென்றே பின்தங்கி, போட்டியாளர் ஒவ்வொருவரின் பக்கமாகவும் மெல்ல வந்து, அவர்களுடைய முகத்தைத் திரும்பிப் பார்த்து, யாரிடம் எவ்வளவு தெம்பு மிஞ்சியிருக்கிறது என்று அளவெடுத்தவர்போல ஒரு கணம் இருந்துவிட்டு, பெரிய பல்சக்கரத்தில் சங்கிலியை மாட்டிக்கொண்டு பாய்ந்து சென்றார். இந்துராயின் அன்று இரண்டு நிமிஷத்துக்கு மேல் பின்தங்கினார். மறுநாள் பந்தயம் அவருடைய சொந்தக் கிராமத்து வழியே பாம்ப்லோனா நகருக்குச் சென்றது. அவரை வாழ்த்தக் காத்திருந்த சொந்த மக்கள் முன்னிலையில் அவர் தோல்வியுற்றவராகக் கடந்து போனார். ஜூலை 21 அன்று பாரிஸில் முடிவு வந்தபோது, தம்முடைய அணியைச் சேர்ந்த இளைஞர் யான் உல்ரிஷைவிட 1 நிமிஷம் 41 விநாடி முந்தி ரீஸ் ஜயித்திருந்தார்.

அப்போது ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட ஜனத்தொகையே கொண்ட அந்தச் சிறு நாடு, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1992-இல், ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையை எவரும் எதிர்பாராத விதமாக வென்று, பெரிய தேசங்களைத் தானும் வெல்லக்கூடும் என்ற நம்பிக்கையைப் பெற்றிருந்தது. அந்த நம்பிக்கையின் மேல் வந்து சேர்ந்ததே ரீஸின் வெற்றி. கோபன்ஹேகனில் டிவோலி பூங்காவில் அவருக்கு நடந்த வரவேற்பை அரச வைபவங்களுக்குச் சமானமாகச் சொல்வார்கள். இதில் தொலைக்காட்சிக்கும் பங்குண்டு. 'டி.வி. 2' நிலையத்தில் யோர்ன் மாடரும், கவியும் திரைப்பட இயக்குநருமான யோர்கன் லெத்தும் சேர்ந்து வர்ணனை செய்தார்கள். பந்தயத்தை வெறும் போட்டியாக அல்லாமல் வீரகாவியமாகவே காணும் கண் லெத்துக்கு இருந்தது. மலையும் மழையும் வியர்வையும் அவர் குரலில் காப்பியத்தின் அங்கங்களாகிவிடும். கோடை விடுமுறையில், கடற்கரைக் குடில்களில் பிற்பகல் முழுவதும் அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டு குடும்பத்தோடு அமர்ந்திருந்தவர்களுக்கு, ஓத்தகாம் ஏற்றம் தங்கள் சொந்த வாழ்க்கையின் ஒரு பகுதியாயிற்று. பிற்காலத்தில் என்ன தெரியவந்தபோதிலும் அந்தப் பிற்பகல்கள் பொய்யாகிவிடவில்லை என்பதை ஆராய்ச்சியாளன் ஒப்புக்கொள்ள வேண்டும்; தகப்பனோடு அமர்ந்து பார்த்த மகனின் ஆனந்தத்தில் கலப்படம் ஏதும் இல்லை.

இனி அந்த மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எரித்ரோபொயட்டின் என்பது சிறுநீரகத்தில் இயல்பாகச் சுரந்து, எலும்பு மஜ்ஜையில் செவ்வணுக்கள் உற்பத்தியாவதைத் தூண்டும் பொருள். சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகையைத் தீர்ப்பதற்காகச் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட அதை, ஆரோக்கியமான பந்தய வீரர்கள் ஊசியால் ஏற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். செவ்வணுக்கள் பெருகினால் தசைகளுக்குப் பிராணவாயு மிகுதியாகச் செல்லும், களைப்பு தாமதமாக வரும். இரத்தம் தடித்து இருதயத்துக்கு ஆபத்து நேரும் என்பது தெரிந்திருந்தும், 1996-இல் அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை ஏதும் நடைமுறையில் இல்லை. மறு ஆண்டில்தான் இரத்தத்தில் செவ்வணுக்களின் விகிதம் 50 சதவீதத்துக்கு மேற்பட்டால் பந்தயத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்ற விதியைச் சர்வதேச சைக்கிள் சங்கம் கொண்டுவந்தது. பந்தய வீரர்களிடையே 'அறுபது சதவீதக்காரர்' என்று ரீஸுக்கு ஒரு பட்டப்பெயர் வழங்கிவந்தது இந்த விகிதத்தை வைத்துத்தான். ஊரார் சூட்டிய பெயரோ 'ஹெர்னிங்கின் கழுகு'.

சந்தேகம் பகிரங்கமானது 1998-இல். அவ்வாண்டு ஜூலையில் ஃபெஸ்டினா அணியின் ஊழியர் ஒருவர் கார் நிறைய மருந்துகளுடன் பெல்ஜியத்திலிருந்து பிரான்சுக்குள் வருகையில் பிடிபட்டார். தொழில்முறைச் சைக்கிள் உலகத்தில் இந்தப் பழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பது அப்போது வெளிப்பட்டது. 1999-இல் டேனிஷ் அரசு ஒலிபரப்பு நிலையம் 'மௌனத்தின் விலை' என்ற ஆவணப்படத்தை வெளியிட்டு, ரீஸின் இரத்தத்தைப் பற்றிய எண்களையே ஜனங்களின் முன் வைத்தது: 1995 ஜனவரியில் சுமார் 41 சதவீதமாக இருந்த விகிதம் அதே ஆண்டு ஜூலையில் 56-ஐத் தாண்டியிருந்தது. எந்தப் பரிசோதனையிலும் தாம் குற்றவாளியாகக் காணப்படவில்லை என்பதே அவருடைய பதிலாக இருந்தது. மருந்து உட்கொள்ளவில்லை என்று சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனித்த டேனிஷ் ரசிகர்களில் பலர், அன்றே விஷயத்தை மனத்துக்குள் தீர்மானித்துக்கொண்டிருக்க வேண்டும். வாயால் சொல்லப்படாத அந்த அறிவுடனேயே எட்டு ஆண்டுகள் கழிந்தன.

2007-ஆம் வருஷம் மே மாதம், டெலிகாம் அணியின் பழைய வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒப்புக்கொள்ளத் தொடங்கினார்கள். எரிக் ட்ஸாபெல் மே 24 அன்று ஜெர்மனியில் கண்ணீருடன் பேசினார். மறுநாள், அப்போது சி.எஸ்.சி. அணியின் உரிமையாளராக இருந்த ரீஸ், கோபன்ஹேகனுக்கு அருகிலுள்ள லிங்க்பியில் நிருபர்களைக் கூட்டி, 1993 முதல் 1998 வரை தாம் எரித்ரோபொயட்டினையும் வேறு மருந்துகளையும் உபயோகித்ததாகவும், 1996-இன் வெற்றியும் அதில் அடங்கும் என்றும் தெரிவித்தார். மஞ்சள் ஜெர்சி வீட்டில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம், தமக்கு நினைவுகள் இருக்கின்றன என்ற கருத்துப்படவும் அவர் பேசினார். அவரை நேசித்தவர்களின் மனநிலையையும் அந்தப் பேச்சே, அவர் அறியாமலே, வெளியிட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

பந்தய நிர்வாகிகள் ஜூன் மாதத்தில் இனி அவரை ஜயசாலியாகக் கருதுவதில்லை என்று அறிவித்து, பட்டியலிலிருந்து பெயரை நீக்கினார்கள். ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு முந்திய குற்றத்துக்குத் தண்டனை விதிக்கச் சட்டம் இடந்தராதபடியால், 2008-இல் பெயர், அடிக்குறிப்பு ஒன்றுடன் மறுபடியும் சேர்க்கப்பட்டது. வேறு ஒருவருக்குப் பட்டத்தை மாற்றிக் கொடுப்பதற்கும் வழியில்லை. இரண்டாமிடம் பெற்ற உல்ரிஷும் மூன்றாமிடம் பெற்ற ரிஷார் விராங்கும் பிற்காலத்தில் ஊக்கமருந்து விவகாரங்களில் சிக்கியவர்களே. மருந்து தொடாமல் ஓடி நாற்பதாமிடத்திலோ ஐம்பதாமிடத்திலோ வந்து, ஊர் திரும்பி, வேறு தொழிலுக்குப் போய்விட்ட வீரர்களை இந்தச் சரித்திரத்தில் எவரும் தேடவில்லை. ரசிகர்களின் வாஞ்சையில் எனக்கு வருத்தம் தரும் ஒரே இடம் இதுதான்.

குற்றம் அறிந்த பிறகும் வெற்றியை நினைத்து மகிழ்வது நேர்மைக் குறைவு என்று சொல்வோரும் உண்டு. நம்முடைய பாரதக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அப்படிச் சொல்வது எளிதல்ல. துரோணர் பொய்யால் வீழ்ந்ததையும், தேர்ச்சக்கரம் புதைந்து நின்ற கர்ணன் மேல் அம்பு பாய்ந்ததையும், துரியோதனன் தொடையில் முறைதவறி அடிபட்டதையும் ஒளிக்காமல் பாடிக்கொண்டேதான் பாண்டவர் வெற்றியைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் திரௌபதையம்மன் திருவிழாவில் கொண்டாடி வந்திருக்கின்றன. படுகளத்தில் கிடக்கும் துரியோதனனுக்காக அழுகிற கூட்டமும் அதே கூட்டந்தான். டேனிஷ் ரசிகர்கள் இன்று ஓத்தகாமைப் பற்றிப் பேசும்போதும் மருந்து அந்தப் பேச்சில் ஓர் அங்கமாக வருகிறது. அது வராத பேச்சைத்தான் நாம் ஐயுற வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஞாபகமும் அதே தேசத்தில் இருந்திருக்கிறது. 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில், கடும் வெயிலில் நடந்த குழுச் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து மாண்ட டேனிஷ் வீரர் க்னூட் எனமார்க் யென்சனை, ஊக்கமருந்துக்குப் பலியானவர் என்றே உலகம் பல தசாப்தங்கள் சொல்லி வந்தது. ஓர்ஹூஸ் பல்கலைக்கழக அறிஞர் வெர்னர் மோலர் அந்தச் சாவைப் பற்றிய ஆதாரங்களை மீண்டும் ஆராய்ந்து, மருந்துதான் காரணம் என்ற முடிவுக்குப் போதிய சான்று இல்லை என்று வாதித்தார். ஆக, நிரூபணமில்லாமலே குற்றம் ஒட்டிக்கொண்ட ஒரு நினைவும், நிரூபணம் வந்த பின்னும் பிரியம் விலகாத ஒரு நினைவும் ஒரே நாட்டில் அருகருகே வாழ்ந்திருக்கின்றன.

ஒப்புநோக்க அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி தகுதியானது. 1996-97 பருவத்தில், கிளெம் ஹாஸ்கின்ஸ் என்பவரின் பயிற்சியில் அந்த அணி தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக முன்னேறியது. 1999 மார்ச்சில், வீரர்கள் பலருக்காகக் கல்வித்துறை ஊழியர் ஒருவர் சுமார் நானூறு பாடக் கட்டுரைகளை எழுதிக் கொடுத்திருந்தார் என்பதை உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. அதன் நிருபருக்கு மறு ஆண்டில் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்தப் பருவத்தின் வெற்றிகள் ஏடுகளிலிருந்து நீக்கப்பட்டன. அரங்கில் தொங்கிய கொடியும் இறக்கப்பட்டது. அங்கே முறைகேடு வகுப்பறையில் நடந்தது, ஆடுகளத்தில் எறியப்பட்ட பந்து மெய்யான பந்து. டென்மார்க்கிலோ முறைகேடு வீரரின் இரத்தத்திலேயே ஓடியது. ஆயினும் மின்னசோட்டாவின் வெற்றி அழிக்கப்பட்டது, ரீஸின் வெற்றி அடிக்குறிப்புடன் மீண்டது. இரு இடத்து ரசிகர்களின் அன்பும் இந்த உத்தரவுகளால் கூடவுமில்லை, குறையவுமில்லை. படித்திருக்க வேண்டிய இளைஞர்களுக்குக் கிட்டாமற்போன கல்வி மட்டும் எந்த உத்தரவாலும் திரும்பவில்லை.

டென்மார்க்கில் ஒப்புதல்கள் தொடர்ந்து வந்தன. ரீஸ் வென்ற அதே பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டத்தை ஜயித்த ரோல்ஃப் சோரன்சன் 2013-இல் தம் குற்றத்தைச் சொன்னார்; 2007-இல் மஞ்சள் ஜெர்சியுடன் இருக்கும்போதே சொந்த அணியால் விலக்கப்பட்ட மிகேல் ராஸ்முசனும் அதே ஆண்டில் முழுவதையும் கூறினார். 2015 ஜூனில் டென்மார்க்கின் ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, ரீஸ் அணி நிர்வாகியாக இருந்த காலத்திலும் தம் வீரர்களிடையே மருந்துப் பழக்கம் இருந்ததை அறிந்தும் தடுக்கவில்லை என்று கூறியது. வீரராக அவர் செய்ததைவிட இது கனமான குற்றம் என்பது என் துணிபு. அதற்கும் காலவரம்பு கடந்துவிட்டது.

2022 ஜூலை 1 அன்று பந்தயம் முதன்முறையாக டென்மார்க்கில், கோபன்ஹேகனிலேயே தொடங்கியது. அதே மாதம் 21 அன்று, ரீஸ் பாரிஸில் வென்ற தேதிக்குச் சரியாக இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, யோனாஸ் விங்கெகோர் என்ற டேனிஷ் வீரர் ஓத்தகாம் சிகரத்தில் முதலாவதாக வந்து, மூன்று நாட்களில் பந்தயத்தையே வென்றார். அவரை முதல் டேனிஷ் ஜயசாலி என்று பத்திரிகைகள் எழுதவில்லை. ரீஸுக்குப் பின் வந்த இரண்டாமவர் என்றே எழுதின. ரீஸ் வென்ற அதே 1996-ஆம் வருஷத்தின் டிசம்பரில் பிறந்த விங்கெகோர், 2023-இல் மறுபடியும் வெல்லும் தறுவாயில் இருந்தபோது மருந்தைப் பற்றிய கேள்விகளுக்கு நிருபர்கள் முன்னிலையில் பதில் சொல்ல நேர்ந்தது. தம் சிறு மகளுக்குக் கொடுக்கத் துணியாத எதையும் தாம் உட்கொள்வதில்லை என்றார் அவர்.