கூட்டருகே ஒரு கண்ணாடிக் கண்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை, இங்கிலாந்தில் சின்னஞ்சிறு பறவையொன்றை அணுகிக் காண விழைந்தோர் பெரும்பாலும் அதனைக் கொன்றே கண்டனர். நூல்களை அணிசெய்த பறவை ஓவியங்களுள் பல, சுட்டு வீழ்த்திப் பஞ்சடைத்த உடல்களைப் பார்த்து வரையப்பட்டவை. செல்வர் வீட்டு இழுப்பறைகளில் முட்டைகள் வரிசை வரிசையாக உறங்கின. பாடும் பறவையை அது பாடும் இடத்திலேயே, உயிரோடு, படத்தில் நிறுத்த இயலும் என்பதை நிறுவிக் காட்டியோருள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் ரிச்சர்டு கியர்ட்டன் (1862–1928), செர்ரி கியர்ட்டன் (1871–1940) என்னும் உடன்பிறந்தார் இருவர்.

யார்க்சயர்ப் பகுதியின் சுவேல்டேல் பள்ளத்தாக்கில், துவெயிட் என்னும் சிற்றூரில் பிறந்தவர்கள் இவர்கள். கூடு தேடி மரமேறியபோது நேர்ந்த இடுப்புக் காயத்தால் ரிச்சர்டு இளமை முதல் கால் ஊனமுற்றவர். வேட்டைக்கு வந்த காசெல் பதிப்பகத்தார் ஒருவர், காட்டுக்கோழியின் குரலை அவர் அப்படியே எழுப்பக் கேட்டு வியந்து, இலண்டனில் பணி அளித்தார். துப்பாக்கியின் முன் பறவையை அழைத்துக் கொடுத்த குரலே அவரைப் புத்தக உலகிற்கு அழைத்துச் சென்றது என்பது எண்ணத்தக்கது. தம்பி செர்ரியும் பின்னர் அங்கேயே பணியில் சேர்ந்தார்.

1892 ஏப்ரலில், இலண்டனுக்கு வடக்கே என்பீல்டு அருகில், பாடும் பூங்குருவியின் கூட்டையும் முட்டைகளையும் செர்ரி படமெடுத்தார். 1895-இல் இருவரும் வெளியிட்ட பிரித்தானியப் பறவைக் கூடுகள் பற்றிய நூல், முழுவதும் ஒளிப்படங்களால் விளக்கம் பெற்ற முதல் இயற்கை நூல் எனப் போற்றப்படுகிறது. ஆயினும் ஒன்றை மறைத்தற்கில்லை. கூட்டை எங்கே, எப்போது, எவ்வாறு கண்டறிவது என்று கற்பிக்கும் நூல், முட்டை திருடுவோர்க்கும் கைவிளக்காகியிருக்கும்.

கூட்டையே ஏன் நாடினர்? அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் ஒளியை மெல்லவே ஏற்பன. கருவியோ முக்காலியில் நிறுத்த வேண்டிய கனத்த பெட்டி. சில அடித் தொலைவிற்குள் வந்தாலன்றிக் கைப்பிடிக்குள் அடங்கும் பறவை படத்தில் ஒரு புள்ளியாகவே எஞ்சும். கிளைக்குக் கிளை தாவும் அது தவறாது திரும்பி வருமிடம் ஒன்றே உண்டு. அது குஞ்சுகள் வாய்திறந்து காத்திருக்கும் கூடு. தாய்மையின் கட்டாயத்தை நம்பியே இக்கலை பிறந்தது.

மறைந்திருக்க அவர்கள் கண்ட வழிகள் நகைப்பையும் வியப்பையும் ஒருங்கே தருவன. பொய் அடிமரம் ஒன்று செய்தனர். மாடு மேய்வதைப் பறவைகள் அஞ்சுவதில்லை என்பதறிந்து, 1900 அளவில், மரச்சட்டத்தின்மேல் எருதின் தோலைப் போர்த்தி, உள்ளே கருவியோடு புகுந்துகொண்டனர். பஞ்சடைத்த ஆடும் பின்னர் வந்தது. ஒருமுறை எருதினுள் நெடுநேரம் குனிந்திருந்த ரிச்சர்டு மயங்கி வீழ, பொய் எருது நான்கு கால்களும் வானம் நோக்கக் கவிழ்ந்து கிடந்தது. தம்பி அக்காட்சியையும் படமெடுத்து வைத்தார்! கால் ஊனமுற்ற ஒருவர் இத்தனை துன்பத்தையும் விரும்பி ஏற்றார் என்பதை எண்ணும்போது நகைப்பு அடங்கிவிடுகிறது.

அதே 1900-இல் செர்ரி மற்றொன்றும் செய்தார். மெழுகு உருளையில் ஒலி பதியும் பொறியைக் காட்டிற்குக் கொண்டுசென்று, இராப்பாடி எனத் தமிழில் வழங்கும் நைட்டிங்கேலின் குரலையும் பாடும் பூங்குருவியின் குரலையும் பதிவு செய்தார். 1889-இல் செருமனியில் லுட்விக் காக் என்ற சிறுவன் பதிந்தது கூண்டுப் பறவையின் குரல். அது நம் நாட்டுக் காடுகளிலும் வாழும் சோலைபாடி. விடுதலையாய்த் திரியும் பறவையின் குரல் பதிவானது செர்ரியின் கையிலேயே முதல்முறை என்பர். கவிஞர்க்கு இங்கே ஒரு செய்தி உண்டு. ஐரோப்பியக் கவிதை மரபு நைட்டிங்கேலைப் பெரிதும் துயருற்ற பெண்ணாகவே கண்டது. உண்மையில் இரவெல்லாம் பாடுவது ஆண். துணையை அழைக்கவும், தன் எல்லையைப் பிற ஆண்களிடமிருந்து காக்கவுமே அது பாடுகிறது. புதர் இருளில் ஒளியும் பழுப்பு நிறப் பறவை அது. குரலைக் கேட்டோர் பலர், உருவைக் கண்டோர் சிலர்.

கியர்ட்டன்களைப் பின்பற்றியோர் பெருகப் பெருகக் கூட்டுப் படத்தின் தீங்கும் வெளிப்பட்டது. படம் தெளிவாக அமையக் கூட்டை மறைக்கும் தழைகளை வெட்டி விலக்குவர். வெயிலும் காக்கையும் எஞ்சியதை முடித்துவிடும். அஞ்சிய தாய் திரும்பாமையும் உண்டு. பிரித்தானியாவில் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுப் பறவைகளின் முட்டையெடுப்பைப் பொதுவாகத் தடைசெய்தது. 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலில் உள்ள அரிய பறவைகளைக் கூட்டருகே கலைத்துப் படமெடுக்க உரிமம் வேண்டும்.

நெடுந்தொலைவு வில்லைகள் வந்தபின் கூட்டை நாடும் தேவை குறைந்தது. பாடும் கிளையிலேயே பறவையைப் படமாக்கலாம். ஆனால் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு ஆண்பறவையை வெளியே வரச்செய்யும் பழக்கம் இன்று பரவியுள்ளது. செர்ரியின் மெழுகு உருளையும் கருவியும் இவ்வாறு ஒன்றாகிவிட்டன. பறவையோ தன் எல்லைக்குள் பகைவன் புகுந்தான் என்றே கொள்கிறது. இரை தேட வேண்டிய காலைப்பொழுதில், இல்லாத எதிரியைத் தேடிக் கிளை கிளையாய்த் தாவித் தொண்டை நோவப் பாடுகிறது.