கப்பல் டிக்கெட் யார் கணக்கில்?

பட்டான்செருவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் சில்கூர். அங்கே இருக்கும் பெருமாளை ஊரே 'விசா பாலாஜி' என்றுதான் சொல்கிறது. வேண்டிக்கொள்ள 11 சுற்று, காரியம் முடிந்தால் 108 சுற்று. சுற்றுவதற்குக் காசு கிடையாது. அதற்குப் பிறகு வரும் எல்லாவற்றுக்கும் உண்டு!

பேங்க்கில் உட்கார்ந்திருப்பதால், குடும்பத்தோடு வெளிநாடு கிளம்புகிறவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள், "சார், எந்த விசா சீப்?" தெலுங்கில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான். இந்தக் கேள்விக்கு நம் ஜனங்கள் 150 வருடங்களுக்கு முன்பே பதில் தேடிவிட்டார்கள். அந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் நேட்டால். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் கிளம்பி, நவம்பர் 16-ம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. 342 பேர். டிக்கெட் இலவசம். பதிலுக்கு ஐந்து வருட ஒப்பந்தம். மாதச் சம்பளம் முதல் வருடம் 10 ஷில்லிங், வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் வருடம் 14. கையிலிருந்து ஒரு தம்பிடி போடாமல் கடல் தாண்டலாம். இதைவிட மலிவான வழி உண்டா?

பில் பிறகுதான் வந்தது. ஒப்பந்தம் முடிந்து, மறு ஒப்பந்தமும் போடாமல் ஊருக்கும் திரும்பாமல் அங்கேயே தங்குகிறவர்கள் வருடத்துக்குத் தலைக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895-ல் நேட்டால் சட்டம் போட்டது. பின்னால் 16 வயதான மகன், 13 வயதான மகள் தலையிலும் அதே வரி ஏறியது. கணக்குப் போடுங்கள். மாதம் 14 ஷில்லிங் என்றால் வருடத்துக்கு 8 பவுண்டு 8 ஷில்லிங். அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் வரி 12 பவுண்டு! ஆள் வேண்டும், ஆனால் அவன் குடும்பம் வேர்விடக் கூடாது. வரியின் நோக்கமே அதுதான். 1913-ல் காந்தி நடத்திய போராட்டத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று இந்த வரியை ஒழிப்பது. அதில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் இறந்தவர்தான் தில்லையாடி வள்ளியம்மை. அதே வருடம் வரி ரத்தானது.

அடுத்தது இலங்கை. இங்கே ஒப்பந்தம் இல்லை, கங்காணி இருந்தார். குடும்பம் குடும்பமாக மலைக்கு அழைத்துப் போனார். வழிச்செலவு முன்பணமாக வரும், அதாவது கடன். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பழைய துரை 'துண்டு' எழுதித் தர வேண்டும். இந்தக் கூட்டத்தின் பேரில் இவ்வளவு பாக்கி, கட்டினால் விடுகிறேன் என்பதுதான் துண்டு. புதுத் தோட்டம் பணத்தைக் கட்டும், கடன் ஆட்களோடு சேர்ந்து இடம் மாறும். எங்கள் பாஷையில் சொன்னால் லோன் டேக்-ஓவர், அடமானம் மட்டும் மனுஷன். இந்த முறை 1921-ல்தான் ஒழிந்தது.

மலாயாவில் 1907-ல் வேறு வழி கண்டுபிடித்தார்கள். தமிழ்க் கூலிகளை வைத்திருக்கும் முதலாளிகள் எல்லோரும் ஒரு பொது நிதிக்குப் பணம் கட்ட வேண்டும், அதிலிருந்து கப்பல் டிக்கெட். தொழிலாளி கடனில்லாமல் கரையிறங்கினார். முதலாளிகள் தர்மம் செய்யவில்லை. ஆள் தாராளமாக வந்துகொண்டிருந்தால் கூலியை ஏற்றத் தேவையில்லை என்ற கணக்கு அது. இருந்தாலும் மூன்றில் இதுவே மேல். பாக்கி தொழிலாளி பேரில் இல்லை. 1938-ல் இந்திய அரசு இப்படி உதவித்தொகையில் ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை இது ஓடியது.

சரி, இன்றைக்கு வருவோம். பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். விசாவோடு கட்டும் ஹெல்த் சர்சார்ஜ் 2015-ல் வந்தபோது வருடத்துக்கு 200 பவுண்டு. 2024 பிப்ரவரியில் பெரியவர்களுக்கு 1,035, பிள்ளைகளுக்கு 776 ஆனது. தம்பதி, இரண்டு குழந்தைகள், மூன்று வருடம் என்றால் 10,866 பவுண்டு. பவுண்டு 110 ரூபாய் என்று வைத்தாலும் சுமார் 12 லட்சம். விமானம் ஏறுவதற்கு முன்பே, மொத்தமாக! முதலாளி கட்டினால் அது மலாயா வழி. நாமே பர்சனல் லோன் போட்டுக் கட்டினால் அது இலங்கை வழி.

படிப்பு விசாவில் போய்க் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை பலருக்கு உண்டு. 2024 ஜனவரியிலிருந்து சாதாரண மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர்கள் மனைவி மக்களை அங்கே அழைக்க முடியாது. முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனவர்களுக்கு சர்சார்ஜ் இல்லை, வழி மலிவாக இருந்தது. ஆனால் 2024 மார்ச்சிலிருந்து புதிதாக அந்த விசா வாங்கியவர்களுக்கும் குடும்பம் கிடையாது. ஆள் வேண்டும், குடும்பம் வேண்டாம். நேட்டால் ஞாபகம் வருகிறதா?

நம் ஊர்ச் சட்டமும் இருக்கிறது. 1983-ன் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்ட்தான் ஆள் எடுக்க முடியும். 2017 திருத்தப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. லட்சங்களில் கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், முகம் மாறுவது தெரியும்.

ஆகவே என் மேஜைக்கு வருபவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்கிறேன். செலவு யார் பேரில்? வேலை பிடிக்காவிட்டால் எவ்வளவு கட்டிவிட்டு வெளியே வரலாம்? விதி மாறினால் மனைவி, குழந்தைகளின் நிலை என்ன? கட்டணத்தை மட்டும் பார்த்தால் ட்ரூரோ கப்பல்தான் எல்லாவற்றிலும் மலிவு. இந்த மூன்றுக்கும் பதில் எழுதி எடுத்து வாருங்கள், லோன் விண்ணப்பத்தைப் பிறகு பார்ப்போம்.