மருந்து தொடாத மூளைகள்

மனச்சிதைவு நோய்க்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்று சில மருத்துவர்களே சொல்லிவந்த காலத்தில், 1976இல், லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையின் ஈவ் ஜான்ஸ்டோனும் டிம் குரோவும் 17 நோயாளிகளின் தலையை சி.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். மூளைக்குள் நீர் நிற்கும் அறைகள் பெருத்திருந்தன. வாதம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. மனச்சிதைவு மருந்தான குளோர்புரோமசின் 1952இல் வந்ததிலிருந்து, மேலை நாட்டில் மாத்திரையே விழுங்காத நாள்பட்ட நோயாளி கிடைப்பது அரிதாகிவிட்டது. ஸ்கேனில் தெரிவது நோயின் தடமா, மருந்தின் தடமா? இதை வெறும் விதண்டாவாதம் என்று தள்ள முடியாது. ஹாலோபெரிடாலோ ஒலான்சபினோ ஆகிய மனச்சிதைவு மருந்துகளில் ஒன்று நீண்ட நாள் கொடுக்கப்பட்ட மக்காக் குரங்குகளின் மூளை எடை 8 முதல் 11 சதவீதம் குறைந்ததாக 2005இல் ஓர் ஆய்வு காட்டியது.

இந்த முடிச்சின் ஒரு நுனி சென்னையில் அவிழ்ந்தது. மூளைப் படங்களின் வரலாற்றில் அதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பேன். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தின் தாரா, பத்மாவதி ஆகியோரும் ஸ்காட்லாந்தின் ராபின் மெக்ரீடியும் மருந்தே காணாத நோயாளிகளைத் தேடிப்பிடித்தார்கள். மனச்சிதைவு நோயாளிகள் உதட்டைச் சப்புவது, நாக்கைத் துழாவுவது, வெறும் வாயை மெல்லுவது எல்லாம் மாத்திரையின் கோளாறு என்றே கருதப்பட்டுவந்தது. 1996இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், மருந்து சாப்பிட்டவர்களில் 41 சதவீதத்தினருக்கும் சாப்பிடாதவர்களில் 38 சதவீதத்தினருக்கும் இந்த அசைவுகள் இருந்தன. நோயற்ற முதியவர்களில் 15 சதவீதத்தினருக்கு மட்டுமே. அடுத்து, சென்னைக்குத் தெற்கே உள்ள கிராமங்களில் மருந்தே சாப்பிடாத நோயாளிகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, அசைவுகள் உள்ளவர்களின் மூளை அடியில் லென்டிஃபார்ம் என்ற பகுதி, குறிப்பாக இடப்பக்கம், பெரிதாக இருந்தது. அசைவுகள் இல்லாதவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. ஆக, மருந்து தொடாத மூளையிலும் மாற்றம் உண்டு. ஆனால் எல்லா நோயாளிக்கும் ஒரே மாற்றம் என்பது இல்லை.

மருத்துவரையே பார்க்காதவர்கள் ஒரு தனி ரகம், அவர்களை வைத்து மற்றவர்களைப் பற்றிப் பேசலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதே பத்மாவதியும் சகாக்களும் சென்னை நகரத்தில் ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவின்படி, சிகிச்சைக்கு வராததன் பின்னணியில் கூட்டுக் குடும்பத்தின் பொறுமையும் சேர்ந்திருந்தது. நோய் லேசானது என்பதால்தான் வராமல் இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அறிவியலுக்கு லாபமானது ஒரு சுகாதாரக் குறைபாடு என்பது மனதை உறுத்தத்தான் செய்கிறது. அதற்காக அந்தப் படங்கள் பொய்யாகிவிடாது.

2016இல் எனிக்மா என்ற பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு 2,028 நோயாளிகளின் படங்களைச் சேர்த்து ஒப்பிட்டது. நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதி சிறுத்தும் நீரறைகள் பெருத்தும் இருந்தன, சராசரியில். தனி ஆளை எடுத்தால் நோயாளியின் அளவும் நலமுள்ளவரின் அளவும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று விழும். ஆகவே ஒரு குடும்பம் மகனின் எம்.ஆர்.ஐ. உறையோடு மருத்துவரிடம் போனால், அந்தப் படம் கட்டி இருக்கிறதா, வேறு மூளைக்கோளாறு இருக்கிறதா என்பதைச் சொல்லும். மனச்சிதைவா என்பதை அவர் பையனிடமும் வீட்டாரிடமும் பேசித்தான் முடிவுசெய்வார்.