வசைச்சொல் முழக்கமான வரலாறு: ஷால்கேயிலிருந்து டாலிகஞ்ச் வரை

ஜெர்மனியின் கெல்சன்கிர்ஹென் நகரில் ஷால்கே 04 சங்கத்தின் ஆட்டத்தைக் காணச் செல்லும் வெளியூர்ப் பார்வையாளர், பந்து உருளத் தொடங்கும் முன்பே திகைத்து நிற்பார். ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் நீலக் கழுத்துத்துண்டுகளை உயர்த்திப் பிடித்து, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பழைய பாடலொன்றைப் பாடுவர். ஆட்டக்காரர்கள் களத்திற்கு வரும் வழியே சுரங்கப்பாதையின் சாயலில் அமைக்கப்பட்டிருக்கிறது. ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது, பாடல் நிற்கவில்லை. பார்வையாளரின் செவிக்கு எட்டுவது தொண்ணூறு நிமிட ஆரவாரம். அந்த ஆரவாரம் உருவான இடமோ அரங்கிற்கு வெளியே, குடியேறிகளின் தெருக்களில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்குப் பிரஷ்யாவின் மசூரியாவிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் ரூர் சுரங்கங்களுக்கு வந்தனர். போலந்து மொழியின் கிளைவழக்கொன்றைப் பேசிய அவர்களை உள்ளூரார் 'போலக்' என்று இழித்துரைத்தனர். 1904இல் தோன்றிய ஷால்கே சங்கத்தின் மாபெரும் ஆட்டக்காரர்களான எர்ன்ஸ்ட் குசோரா, ஃபிரிட்ஸ் செப்பான் ஆகிய இருவரும் மசூரியக் குடும்பங்களின் பிள்ளைகள். எதிரணியினர் அச்சங்கத்தையே 'போலக்குகளின் சங்கம்' என ஏளனம் செய்தனர். 1934இல், நாஜி ஆட்சியின்கீழ், ஷால்கே முதன்முறையாகத் தேசிய வாகையர் பட்டம் வென்றபோது, தன் ஆட்டக்காரர்கள் போலந்துக் குடியேறிகளின் மக்கள் அல்லர் என்று பெற்றோரின் பிறப்பிடங்களைக் காட்டி அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. வெற்றி கிட்டிய பிறகும் பிறப்புச் சான்று கேட்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

ஜெர்மானியர் பார்வையாளராகி நின்ற தருணமும் உண்டு. 2008 மே 27 அன்று கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் மோகன் பகான் அணியுடன் பேயர்ன் மியூனிக் மோதியது. அச்சங்கத்திற்காக ஆலிவர் கான் ஆடிய விடைபெறும் ஆட்டம் அது. மூன்றுக்குச் சுழியம் எனப் பேயர்ன் வென்ற அவ்வாட்டத்தைக் காண ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் திரண்டனர். ஒரு நகரம் கால்பந்தாட்டத்திற்கு இவ்வளவு பெரிய கூட்டத்தை எங்கிருந்து திரட்டுகிறது? அதற்கான விடையின் ஒரு பகுதி தென்கொல்கத்தாவின் டாலிகஞ்சில் இருக்கிறது.

டாலிகஞ்ச் புலம்பெயர்ந்தோருக்குப் புதிய இடமன்று. 1806ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டைப் புரட்சிக்குப் பின், திப்பு சுல்தானின் மக்களும் உறவினரும் வேலூரிலிருந்து அகற்றப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட பகுதி இது. இளவரசர் அன்வர் ஷா சாலை என்னும் பெயர் அவ்வரலாற்றின் எச்சம். 1947இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது வந்தவர்கள் அரச குடும்பத்தினர் அல்லர். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த ஏதிலியர் டாலிகஞ்ச்–ஜாதவ்பூர் வட்டாரத்தில் வெற்று நிலங்களையும் கைவிடப்பட்ட போர்க்காலப் படைக்கொட்டகைகளையும் கைப்பற்றி விஜய்கட், ஆசாத்கட், நேதாஜி நகர் போன்ற குடியிருப்புகளைத் தாமே எழுப்பினர். பட்டா இல்லை, நிலவுடைமையாளரின் ஆட்களோடும் காவல்துறையோடும் போராடியே அந்நிலத்தில் நிலைத்தனர்.

கொல்கத்தாவின் பழங்குடிமக்கள் இவர்களுக்கு இட்ட பெயர் 'பாங்கால்'. கிழக்கிலிருந்து வந்தவர் என்பதோடு பட்டிக்காட்டார், நாகரிகம் அறியாதவர் என்னும் பொருளும் அச்சொல்லில் ஒட்டியிருந்தது. பதிலுக்கு இவர்கள் மேற்கு வங்காளத்தாரைச் சொம்பு என்று பொருள்படும் 'கோட்டி' என்றழைத்தனர். பாங்கால்களின் வினைமுற்றுகளும் ஒலிப்பும் நகைப்புக்குள்ளாயின. ஆனால் அதே வழக்கை டாக்காவிலிருந்து வந்த நடிகர் பானு பந்தோபாத்யாய், டாலிகஞ்ச் படப்பிடிப்புத்தளங்களில் உருவான திரைப்படங்களில் தம் கலைக்கருவியாக்கினார். 1953இல் வெளிவந்த 'சாரே சுவாத்தர்' படத்தில் அவ்வழக்கு நகரம் முழுவதையும் சிரிக்க வைத்தது. இம்முறை சிரிப்பு பேசியவரின் கட்டுப்பாட்டில் இருந்தது.

விளையாட்டரங்கில் இதற்கு இணையாக நின்றது ஈஸ்ட் பெங்கால் சங்கம். 1920 ஆகஸ்ட் 1 அன்று, பிரிவினைக்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே, கிழக்கு வங்காளத்தவர் புறக்கணிக்கப்பட்ட மனக்குறையில் தோன்றியது அது. ஏதிலியர் வந்து சேர்ந்தபோது அவர்களுக்கென ஒரு பெயர் களத்தில் ஏற்கெனவே காத்திருந்தது. 1955இல் கிழக்கு வங்காள மாகாணம் கிழக்குப் பாகிஸ்தான் எனப் பெயர் மாறியது. வரைபடத்திலிருந்து நீங்கிய ஊர்ப்பெயர் சிவப்பும் பொன்மஞ்சளும் கலந்த சட்டையில் தங்கிவிட்டது. டாலிகஞ்ச் அக்ரகாமி என்று இப்பகுதிக்கே உரிய சங்கம் இருந்தும், ஏதிலியர் குடியிருப்புகளின் நெஞ்சம் பெரிதும் ஈஸ்ட் பெங்கால் பக்கமே சாய்ந்தது. அச்சங்கம் வென்றால் வீட்டில் இலிஷ் மீன். மோகன் பகான் வென்றால் அவ்வணியினர் வீட்டில் இறால்.

இப்பெருமிதத்தைக் களத்தில் சுமந்தவர்கள் யார் என்பதுதான் வரலாற்றின் நுட்பம். 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வெல்ல உதவிய 'பஞ்ச பாண்டவர்' எனப்பட்ட முன்கள ஐவர் வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகியோர். ஐவரும் தென்னிந்தியர். பத்மா நதியைத் தாயகமாகக் கொள்ளாத ஐவரின் கால்களில் ஏதிலியர் தம் இழந்த ஊரைக் கண்டனர். குருதியுறவைக் கேளாமல் இணைத்துக்கொள்ளும் இவ்வாற்றலே இரசிகர் பண்பாட்டின் மேன்மை.

அதன் மறுபக்கத்தை மறைத்தல் தகாது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்ட அரங்கில் இவ்விரு அணிகளின் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 இரசிகர்கள் உயிரிழந்தனர். வசைச்சொல்லைப் பெருமைச்சொல்லாக மாற்றிய அதே கூட்டம், எதிரிலிருப்பவனை வெறும் வசைச்சொல்லாகவே காணும் நிலைக்கும் இறங்கக்கூடும் என்பதற்கு அந்நாள் சான்று.

குடியுரிமைச் சட்டத் திருத்தமும் குடிமக்கள் பதிவேடும் நாடெங்கும் விவாதிக்கப்பட்ட வேளையில், 2020 ஜனவரி 19 அன்று சால்ட் லேக் அரங்கில் ஈஸ்ட் பெங்கால் இரசிகர்கள் பெரும் பதாகையொன்றை விரித்தனர். தாம் வாழும் மண்ணைக் காகிதத்தால் பெறவில்லை, குருதி சிந்திப் பெற்றோம் என்பது அதன் கருத்து. 1934இல் ஷால்கே சங்கம் பெற்றோரின் பிறப்பிடப் பட்டியலை நீட்டித் தன்னைக் காத்துக்கொண்டது. 86 ஆண்டுகளுக்குப் பின், பட்டா இன்றிக் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் காகிதம் காட்டும் தேவையையே கேள்விக்குள்ளாக்கினர். ஆட்சிச்சூழல்கள் வேறு, ஒப்பீட்டிற்கு எல்லை உண்டு. எனினும் 'நீ எவ்வூரான்?' என்னும் வினா இரண்டு அரங்குகளிலும் ஒன்றே.

2024 ஆகஸ்ட் 18 அன்று நிகழவிருந்த இவ்விரு அணிகளின் டுராண்ட் கோப்பை ஆட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று சங்கங்களின் இரசிகர்களும் அன்று அரங்கின் வெளியே ஒன்றாகத் திரண்டு தடியடிக்கு உள்ளாயினர். உள்ளே ஆட்டம் இல்லை. நூறாண்டுப் பகைமையில் பழகிய குரல்கள், அன்று தமக்கு இடையே எல்லை வகுக்காமல் ஒரே கோரிக்கையை எழுப்பின.