இயந்திரம் நின்ற சிறு விமானம் தரையிறங்குவது எப்படி?

கர்நாடக மாநிலம் ஹனூர் வட்டத்தை உள்ளடக்கிய சாமராஜநகர் மாவட்டத்தில், 2023 ஜூன் 1 அன்று இந்திய விமானப் படையின் கிரண் ரகப் பயிற்சி விமானம் போகபுரா கிராமம் அருகே விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த இரு விமானிகளும் முன்னதாகவே இருக்கையுடன் வெளியே உந்தப்பட்டு, பாராசூட் மூலம் உயிர் தப்பினர். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பு, மே 30 அன்று, அதே மாநிலத்தின் பெலகாவியில் இருவர் செல்லும் பயிற்சி விமானம் ஒன்று கோளாறு காரணமாக ஹொன்னிஹாள் கிராம விளைநிலத்தில் இறக்கப்பட்டது. அதிலிருந்தவர்கள் சிறு காயங்களுடன் தப்பினர்.

போர் விமானிக்கு விமானத்தைக் கைவிட்டு வெளியேறும் வசதி உண்டு. செஸ்னா போன்ற பெரும்பாலான சிறு பயிற்சி விமானங்களில் அது கிடையாது. இயந்திரம் நின்றால், விமானத்தைத் தரைவரை ஓட்டிச் சென்றே ஆக வேண்டும். இதுவே கட்டாயத் தரையிறக்கம் எனப்படுகிறது.

இயந்திரம் நின்றவுடன் விமானம் கல்லைப் போல விழுந்துவிடும் என்பது தவறான எண்ணம். செஸ்னா 172 ரக விமானம் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கிச் செல்லும்போது, ஒரு அடி உயரத்தை இழந்து ஏறத்தாழ 9 அடி முன்னேறும். காற்று வீசாத நிலையில், தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் இருந்தால் சுமார் 8 கிலோமீட்டர் தூரமும் 4 நிமிட அவகாசமும் கிடைக்கும். 1,000 அடி உயரத்தில் கிடைப்பது ஒன்றரை நிமிடத்திற்கும் குறைவே.

விமானியின் முதல் வேலை, மூக்குப் பகுதியைத் தாழ்த்தி அந்தச் சறுக்கு வேகத்தைக் காப்பது. அடுத்தது, இறங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பது. இயந்திரத்தை மீண்டும் இயக்க முயல்வதும், 'மேடே' என வானொலியில் அபாய அழைப்பு விடுப்பதும் அதன் பிறகே. எரிபொருள் தீர்ந்துபோதல், அதில் நீர் கலத்தல், கார்புரேட்டரில் பனி உறைதல் ஆகியவை இயந்திரம் நிற்பதற்கான பொதுவான காரணங்கள். ஈரப்பதம் மிகுந்த வெப்பமான நாளிலும் கார்புரேட்டரில் பனி உறையக்கூடும் என்பது பலருக்கும் வியப்பளிக்கும்.

அறுவடை முடிந்த சமதளமான வயல் இறங்குவதற்கு ஏற்றது. நீர் தேங்கிய நெல் வயலில் சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழலாம். மின்கம்பிகள் வானிலிருந்து எளிதில் தென்படுவதில்லை. கம்பங்களைக் கொண்டே அவற்றை ஊகிக்க வேண்டும். எதிர்க்காற்றில் இறங்குவது மிக முக்கியம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும் விமானம், 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 70 கிலோமீட்டர் வேகத்திலும், அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 110 கிலோமீட்டர் வேகத்திலும் நிலத்தில் மோதும். இரண்டாவது மோதலின் ஆற்றல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம்.

ஹனூர் வட்டாரத்தில் இந்தத் தேர்வு எளிதன்று. மாதேஸ்வரன் மலையும் காவிரி வனவிலங்கு சரணாலயமும் சூழ்ந்த அப்பகுதியில், காட்டுக்கு மேல் பறக்கும்போது இயந்திரம் நின்றால் சமவெளியை எட்டப் போதிய உயரம் முன்கூட்டியே கையிருப்பில் இருக்க வேண்டும்.

சாலையும் சில வேளைகளில் கைகொடுக்கிறது. 2025 நவம்பர் 13 அன்று சேலத்திலிருந்து புறப்பட்ட பயிற்சி விமானம், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே திருச்சி-புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் இறக்கப்பட்டது. அதிலிருந்த இருவரும் தப்பினர். எனினும் வாகனங்களும் மின்கம்பங்களும் உள்ள சாலையை விட வெற்று நிலமே பெரும்பாலும் பாதுகாப்பானது.

விமானத்தைக் காப்பாற்றும் எண்ணத்தில், எட்ட முடியாத ஓடுதளத்தை நோக்கிச் சறுக்கலை நீட்டிக்க முயல்வதே உயிருக்கு உலை வைக்கிறது. வேகம் குறைந்தால் இறக்கைகள் தாங்குதிறனை இழக்கும். அதன் பிறகு விமானம் உண்மையிலேயே விழும். புறப்பட்ட சில நொடிகளில் இயந்திரம் நின்றால், திரும்ப முயலாமல் ஏறக்குறைய நேராகவே இறங்குமாறு மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுவதும் இதனால்தான்.

பெலகாவி விமானத்தை இயக்கிய பயிற்சி நிறுவனத்தின் அனுமதியை, ஆறு மாதங்களில் ஐந்து விபத்துகள் நேர்ந்ததை அடுத்து, 2023 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுத்திவைத்தது. விமானியின் திறமை பராமரிப்புக்கு மாற்றாகாது.

வயலில் விமானம் இறங்குவதைக் காணும் கிராம மக்கள் 112 எண்ணுக்குத் தகவல் அளிக்கலாம். எரிபொருள் கசிய வாய்ப்புள்ளதால் அருகில் புகைபிடிக்கக் கூடாது. சுழலி நின்றிருந்தாலும் அதைத் தொடுவது ஆபத்து. காயமடைந்தவர்களை மீட்பதற்காக அன்றி விமானத்தின் பாகங்களை நகர்த்தக் கூடாது. விபத்துப் புலனாய்வுக்கு அவையே சான்றுகள்.