எந்த மலைக்குப் போவோம்?

மார்கழி வந்துவிட்டால் மட்டக்களப்பு வாவி கரைகொள்ளாது நிறைந்துவிடும். வாடைக்காற்றுடன் வரும் மழை எழுவான்கரை ஊர்களின் ஒழுங்கைகளை வாய்க்கால்களாக்கும். இந்தக் காலத்திலேதான் பள்ளிக்கூட விடுமுறையும் வருகின்றது. ஆதலால், காத்தான்குடியில் ஆசிரியராயுள்ள நாம் கூடுமிடங்களிலெல்லாம் ஒரு வினா எழுவது வழக்கம்: உயர்வகுப்பு மாணவரையும் அழைத்துக்கொண்டு இவ்விடுமுறைக்கு எந்த மலைக்குப் போவோம்? நுவரெலியா என்பார் ஒருவர். அங்கே குளிரும் மிகுதி, விடுதிக் கட்டணமும் மிகுதி, பண்டாரவளையே போதும் என்பார் மற்றொருவர். அப்புத்தளையின் முகிலைக் கண்டவர் வேறிடம் நாடார் என்பார் மூன்றாமவர். இப்பேச்சு நடந்துகொண்டிருக்கையில் மாணவனொருவன் கேட்டான்: “சேர், பனிச்சறுக்கு விளையாடும் மலை நம் நாட்டில் இல்லையா?”

இல்லை. நுவரெலியாப் புல்வெளியில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் உறைபனி படிவதுண்டு; வெயிலேற அதுவும் கரைந்துவிடும். பனிச்சறுக்குக்கு இமயம் வரை செல்லல் வேண்டும். அங்கே, காஷ்மீரத்துக் குல்மார்க்கில், அதற்கெனக் கழகமொன்றை 1927 ஆம் ஆண்டில் அமைத்தவர்களும் ஆங்கிலப் படை அதிகாரிகளே. இவ்விடையைக் கூறியபோது எம்முள் வேறொரு வினா பிறந்தது. இன்பத்துக்காக மலையேறும் வழக்கம் எம்மிடை எப்போது வந்தது? அதனை வகுத்தவர் யார்? அதற்கு விலை கொடுத்தவர் யார்?

நம் முன்னோர் மலையேறாதவர் அல்லர். பாவா ஆதம் மலைக்கு யாத்திரை சென்றோர் வரிசையில் 14 ஆம் நூற்றாண்டின் பெரும் பயணி இப்னு பதூதாவும் உள்ளார். கீழ்க்கரைச் சோனகர் உப்பையும் கருவாட்டையும் மாடுகளின் முதுகிலேற்றித் தவளம் தவளமாகக் கண்டி நாட்டுக்குக் கொண்டுசென்றனர். திரும்புகையில் பாக்கு முதலிய பண்டங்களைக் கொணர்ந்தனர். போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626 ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது வரலாறு. ஆகவே, மலை எமக்கு வழிபாட்டிடமாய் இருந்தது, சந்தையாய் இருந்தது, அடைக்கலம் தந்த அரசின் இருப்பிடமாயும் இருந்தது. விடுமுறைக்குரிய இடமாக மட்டும் அது இருக்கவில்லை.

விடுமுறை மலையைப் படைத்தது குடியேற்ற ஆட்சியே. 1819 ஆம் ஆண்டை நோக்குவோம். அவ்வாண்டில், கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜோன் சல்லிவன் நீலகிரி மீது ஏறினார். அதே ஆண்டில், படை மருத்துவரான ஜோன் டேவி நுவரெலியாப் பள்ளத்தாக்கைக் கண்டார். வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிந்த வெள்ளைச் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் தாய்நாட்டுக் குளிரை இங்கேயே தேடிக்கொடுப்பதே அக்கால ஆட்சியின் நோக்கமாயிருந்தது. நீலகிரியில் தோடரின் மேய்ச்சல் நிலத்தில் உதகமண்டலம் எழுந்தது. 1870 முதல் சென்னை அரசாங்கமே கோடைதோறும் அங்கு மாறிச் சென்றது. டேவி கண்ட நாட்டின் நிலை யாது? 1817, 1818 ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சி வயல்களும் வீடுகளும் எரிக்கப்பட்டு அடக்கப்பட்டு ஓராண்டுதான் கழிந்திருந்தது. ஆரோக்கியபுரி பிறந்த சூழல் இதுவே.

தேசாதிபதி எட்வேட் பான்ஸ் 1820 களின் இறுதியில் நுவரெலியாவில் தமக்கொரு மாளிகை எழுப்பினார். இன்று அங்கே பெரு விடுதியாய் விளங்கும் கட்டிடத்தின் தொடக்கம் அதுவே. பாதை போடுவதிற் பெயர்பெற்றவர் பான்ஸ். ஆனால், அவர் பாதைகளில் மண் வெட்டியவர் யார்? இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின் பேரால் இழுத்துவரப்பட்ட குடியானவர்கள். 1832 இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டமோ, உறுதியோ ஆதாரமோ காட்டவியலாத நிலங்களை அரசின் சொத்தென்று கருதச் செய்து, கிராமத்தவரின் சேனையையும் காட்டையும் கோப்பித் தோட்டங்களுக்குத் திறந்துவிட்டது. 1848 இல், புதிய வரிகளை எதிர்த்து மாத்தளையில் மக்கள் எழுந்தனர். வீர புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டான். அதே ஆண்டில், சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலச் செல்வர் கப்பல் நிறைய ஆட்களையும் பசுக்களையும் வேட்டை நாய்களையும் கலப்பைகளையும் ஏற்றிவந்து நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை அமைக்க முற்பட்டார். ஒருபுறம் தூக்குமேடை, மறுபுறம் பூந்தோட்டம்! நம் பாடநூல்கள் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துக் காட்டுவதில்லை.

பின்னர் நடந்தவை விரைவாய் நடந்தன. 1861 இல் அக்கலைத் தோட்டம் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்டது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 இல் மடுல்சீமையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்து, தேயிலைக்கு வழிவிட்டது. 1873 இல் தேசாதிபதி கிரகரியின் பெயரால் ஏரி அமைந்தது. 1876 இல் மலைக் கழகம் தோன்றியது. அதன் கதவுகள் நீண்டகாலம் இந்நாட்டவர்க்கு மூடியே கிடந்தன. 1885 இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. 1924 இல் பதுளையை அடைந்தது. தேயிலையைத் துறைமுகத்துக்கு இறக்கவே அவ்விருப்புப்பாதை போடப்பட்டது. இன்று அதன் யன்னலோரத்தில் அமர்ந்து நாம் வியக்கும் வளைவுகளும் சுரங்கங்களும் இலாபக் கணக்கிற் பிறந்தவை.

காட்டை வெட்டியவர்கள், கொழுந்து கிள்ளியவர்கள் எங்கிருந்து வந்தனர்? பஞ்சமும் சாதிக் கொடுமையும் கடனும் விரட்டத் திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். மன்னார்க் கரையிலிறங்கி, கங்காணியின் பின்னே, காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலே மாண்டோர் எத்துணைப் பேர்! அவர்களுக்குப் புதைகுழி உண்டு, கல்லறை இல்லை. 2023 ஆம் ஆண்டில், மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. பாட்டன்மார் விழுந்த பாதையைப் பேரப்பிள்ளைகள் நடந்தே நினைவுகூர்ந்தனர்.

இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். மருத்துவர் நல்லதென்று புகழ்ந்த அதே குளிர், வெயில் காயும் சமவெளியிலிருந்து வந்த கூலியாளைக் கொன்றது. துரைமாருக்குக் கணப்பு அடுப்பும் கம்பளி உடையும் இருந்தன. தொழிலாளிக்கு ஒரு கம்பளி. அதன் விலையும் அவன் கணக்கில் கடனாக ஏறியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவில் ஒரு குடும்பம். விடியற்காலைத் தப்பு முழங்கினாற் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். ஒரே மலை, ஒரே குளிர். ஒருவனுக்கு அது மருந்து, மற்றவனுக்கு நோய். குளிர் எவருக்கும் பகையுமன்று, நட்புமன்று. அதனை அவ்வாறாக்கியது உடைமை முறையே.

ஓய்வு என்பதும் மனித உரிமையே என்பதை உலகம் ஏற்க நெடுநாள் சென்றது. 1936 ஆம் ஆண்டிலே பிரான்சின் தொழிலாளர், மக்கள் முன்னணி ஆட்சிக் காலத்தில் வேலைநிறுத்தஞ் செய்து, சம்பளத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையை வென்றெடுத்தனர். அதுவரை கடலையும் மலையையும் கண்டிராத ஆலைத் தொழிலாளர் அவ்வாண்டிற் குடும்பத்தோடு பயணமாயினர். 1948 டிசம்பர் 10 ஆம் நாள் வெளியான மனித உரிமைகளின் உலகப் பிரகடனம், தன் 24 ஆம் உறுப்புரையில், ஓய்வையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் எல்லா மனிதர்க்கும் உரியதெனக் கூறியது. அதற்கு ஒரு மாதத்துக்கும் குறைவான காலத்தின் முன், 1948 நவம்பர் 15 ஆம் நாள், இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் அதனால் நாடற்றவராயினர். 1947 தேர்தலில் வாக்களித்தவர்கள் 1952 தேர்தலில் வெறுங்கையராய் நின்றனர். உலகம் விடுமுறைக்கு உரிமை பேசிய மாதத்தில், அவர்களுக்கு இந்நாட்டில் இருப்பதற்கே உரிமை இல்லை!

1964 அக்டோபரில் சிறிமா பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 975,000 மக்களைப் பாகப்பிரிவினைக் காணியெனப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப்பற்றிப் பிறகு பார்ப்போம் என்றது. அம்மக்களை எவரும் கேட்டிலர். எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரக் காத்திருக்க நேர்ந்தது. நாட்கூலி 1,000 ரூபா என்ற கோரிக்கை ஆண்டுகள் பல இழுபட்டு, 2021 இலேயே வர்த்தமானியில் ஏறியது.

வெள்ளைத் துரையையும் கொழும்பு ஆட்சியாளரையும் குறை கூறி நாம் கைகழுவிவிடலாமா? ஆகாது. நம் ஊரார் பலர் மலைநாட்டு நகரங்களிற் கடை வைத்தவர்கள். இன்றும் துணிமணியோடு தோட்டங்களுக்குச் செல்வோர் உளர். அவர்களும் உழைத்துண்டவர்களே, அதை மறுப்பார் இல்லை. ஆயினும், கொப்பியிற் கடன் எழுதிய அளவுக்கு லயத்தின் துயரை நாம் மனத்தில் எழுதினோமா? ஒரே மொழி பேசியும் “தோட்டக்காட்டான்” என்ற இழிசொல் நம் கரையோரத்து நாவிலும் வழங்கியதே! இனத்தின் பேரால் விரட்டப்படுவதும் கொல்லப்படுவதும் எத்தகையது என்பதை 1990 ஆகஸ்ட் 3 ஆம் நாள் இரவில் பள்ளிவாசலிலே கண்டறிந்த ஊர் நம்முடையது. அத்துயரை அறிந்த மக்கள் பிறர் துயரையும் அறிதல் வேண்டும்.

மலையின் அழகு மண்ணின் உறுதியைப் பொறுத்தது என்பதையும் மறத்தலாகாது. 2014 அக்டோபர் 29 ஆம் நாட்காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வாப் புயல் மலைநாட்டு மாவட்டங்களை மண்சரிவுகளால் உலுக்கியது. நமது வாவியை நிறைக்கும் அதே வாடைமழைதான் ஊவாவின் சரிவுகளையும் நனைக்கின்றது. விடுதியில் இருப்பவர் மழை கண்டால் மூட்டைகட்டித் திரும்பலாம். லயத்தில் இருப்பவர் எங்கே திரும்புவது?

இவற்றையெல்லாம் பேசியபின் நாம் எடுத்த முடிவு இது. மலைக்குப் போவோம், ஆனால் மார்கழியிலன்று, ஆகஸ்ட் விடுமுறையில். நம் கரையை வாட்டும் கச்சான் காற்று அக்காலத்தில் ஊவாவின் தேயிலைக்கு அதன் தனி மணத்தைக் கொடுக்கின்றது; மண்ணும் உலர்ந்திருக்கும். நுவரெலியா ஏரியிற் படகோட்டுவது பின்னர் ஆகட்டும். செங்கலடியிலே தொடங்கும் நெடுஞ்சாலை மகாஓயா, பிபிலை வழியாய் மேலேறி, லுணுகலை, பசறைப் பகுதியில் முதன்முதலாகத் தேயிலையைத் தொடுகின்றது. பின் பதுளை, நுவரெலியா கடந்து பேராதனை வரை செல்கின்றது. நாம் முதலில் அந்தப் பசறைப் பக்கத்திலே தங்குவோம். அங்குள்ள தோட்டப் பாடசாலை ஆசிரியரோடும் மாணவரோடும் ஒருநாள் இருந்து, அவர்கள் ஊர் வரலாற்றை அவர்கள் வாயாலே கேட்போம். அதற்கு ஈடாக, சித்திரை விடுமுறையில் அம்மாணவரை நம் ஊருக்கு அழைப்போம். மலையில் பிறந்த பிள்ளைகளிற் பலர் கடலைக் கண்டதில்லை. கடற்கரையும் அவர்களுக்குரிய விடுமுறை இடமே.

விடுமுறை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஓய்வு இழுக்கன்று; உழைப்பவர் அனைவர்க்கும் அது உரியது. ஒரு சிலர் இளைப்பாறப் பலர் இளைத்த காலத்தின் சின்னமாய் மலைநகர்கள் நிற்கின்றன. கொழுந்து கிள்ளும் தாயும் தன் பிள்ளைகளோடு பத்து நாள் ஊர்சுற்றிவரும் காலம் வருமாயின், அன்றே அம்மலை எல்லோர்க்கும் உரிய மலையாகும். பனிச்சறுக்கைப்பற்றிக் கேட்ட மாணவனிடம் இம்முடிவைச் சொன்னோம். அவன் சற்றே யோசித்துவிட்டு, “அவங்கட பள்ளிக்கூடத்துக்கு நாங்க என்ன கொண்டுபோறது, சேர்?” என்று கேட்டான். இவ்வாண்டு எம் வகுப்பறையில் எழுந்த வினாக்களுள் நல்ல வினா இதுவே.